களவு போன ஏழு நிமிடம்

09.07.2008, உன்னிச்சை

கடைமடைக்கு இன்றைக்கும் தண்ணீர் சேரவில்லை. காலை ஆறு மணிக்கு நான் திறந்துவிட்ட மடையை யோகராசா ஏழே காலுக்கே பூட்டித் தன் பக்கம் திருப்பிவிட்டான். முறை எட்டு மணிவரைக்கும். கேட்டால், "என்ட மணிக்கூடு கொஞ்சம் முந்தி ஓடுது விதானையார்" என்கிறான். முக்கால் மணித்தியாலம் முந்தி ஓடுகிற மணிக்கூட்டை எந்தக் கடையில் வாங்கினானோ! வட்டை விதானை என்று தண்ணீர் பங்கிட என்னை வைத்துவிட்டு, ஆளுக்காள் தங்கள் பாட்டுக்கு மடை பூட்டுகிறார்கள். இருபத்தொரு வருடமாகக் கையில் மணிக்கூட்டோடு வரம்பில் நிற்கிறேன். கண்ணை எடுத்தால் களவு.

யோகராசாவோடு கத்தியதில் வலப்பக்க விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டது. இலட்சுமிப்பிள்ளை மூன்று மாதமாகச் சொல்லுகிறாள், "டவுனுக்குப் போய் ஒருக்காக் காட்டுவம்" என்று. கட்டின மனிசி சொல்லி எப்போது நான் கேட்டேன்? நாளைக்குப் போகிறோம்.

10.07.2008

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் ஸ்கான். வயிற்றில் குளிரான பசையைப் பூசி, ஒரு பிடியை வைத்து உருட்டினார் இளம் டொக்டர். ஒரே இடத்துக்கு மூன்று தரம் திரும்பி வந்தார். "என்ன தம்பி?" என்று கேட்டேன். "ஒண்டுமில்ல ஐயா" என்றார். ஒன்றுமில்லாத இடத்துக்கு ஆர் மூன்று தரம் வருவார்?

பிறகு சொன்னார். ஈரலில் கட்டி. மூன்று சென்றிமீற்றர்.

"குடிப்பீங்களா?" என்று கேட்டார். கள்ளுக்கொட்டில் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் நான். நம்பாத பார்வை பார்த்தார். இளவயதில் கண்ணும் உடம்பும் மஞ்சளித்து வந்த செங்கமாரிதான் ஈரலை இறுக்கிவிட்டதாம். இறுகின ஈரலில் வெட்டு வைக்க ஏலாதாம். கொழும்பில் வெட்டாமலே கட்டியைக் கருக்குகிறார்களாம், கடிதம் தந்தார். கடிதம் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து ஆவியில் பிடித்துத் திறந்து பார்த்தேன். முழுக்க இங்கிலீசு.

22.07.2008, கொழும்பு

லொட்ஜில் பொலிஸ் பதிவு. எதற்கு வந்தாய், எத்தனை நாள், ஏன் மட்டக்களப்பில் ஆஸ்பத்திரி இல்லையா? ஈரல் என்று சொன்னேன். எழுதிக்கொண்டவன் என் முகத்தைப் பார்த்தானே தவிர நம்பவில்லை. அவனைக் குறை சொல்ல ஏலாது, அவன் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் வீரக்கோன். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அவர் பேசுகிறதைத் தமிழில் சொல்ல ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார்கள். படம் எடுக்கிற பகுதியில் வேலை. முக்காடு, மூக்குக் கண்ணாடி, வேகமான பேச்சு.

"எந்த ஊர் புள்ள?"

"காத்தான்குடி. பேர் நஸீறா."

"ஆற்ற மகள்?"

"அசனார்ட மகள். உன்னிச்சையில எங்களுக்கு முந்திக் காணி இரிந்திச்சே, உங்களுக்கு வாப்பாவத் தெரியும்."

தெரியும். நன்றாகத் தெரியும். எண்பத்தெட்டில் வரம்பை வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீர் இழுத்த அசனார். நான் ஊர் பார்க்க அவன் மடையை இரண்டு நாள் பூட்டினேன். வெயில் நேரம், பயிர் ஓரம் எல்லாம் பழுத்துவிட்டது. "இத மறக்கமாட்டன் விதானை" என்று சொல்லிவிட்டுப் போனான். தொண்ணூறில் தமிழர் முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு அவர்களால் அந்தப் பக்கம் வரவே முடியாமல் போய்விட்டது. காணியும் போனது.

அந்த அசனாரின் மகள் கையில் என் ஈரல்.

24.07.2008

பெரிய குழாய்க்குள் படுக்கவைத்து எடுத்த படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவைத்து டொக்டர் பேசினார். என் மணிக்கூட்டில் மூன்று நிமிடம். நஸீறா தமிழில் சொன்னது அரை நிமிடம்.

"விதானையார், விலாவுக்குள்ளால ஒரு ஊசிய விட்டு, ஸ்கான் படத்தப் பாத்துப் பாத்துக் கட்டிக்குச் சூடு வைக்கிற. பன்னெண்டு நிமிஷம். வெட்டுமில்ல, தையலுமில்ல."

மிச்சம் இரண்டரை நிமிடப் பேச்சு எங்கே போனது?

"சூடு வைக்கிறதெண்டா எனக்கா சொல்லித்தாற? வெட்டின நெல்லு உப்பட்டியக் களத்தில குவிச்சு அடுக்கிறது" என்றேன். எங்கள் வட்டையில் சூடு என்றால் அதுதானே. நஸீறா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இலட்சுமி சிரிக்கவில்லை. இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கண்டேன்.

"எதால சூடு வைக்கிற?"

"மெசினால."

"மெசின் எதால ஓடுது?"

"அதெல்லாம் டொக்டர்மார் பாத்துக்குவாங்க. நீங்க சும்மா படுத்திருக்க வேண்டியதுதான்."

பதில் இல்லாத இடத்தில்தான் இப்படிப் பேசுவார்கள்.

25.07.2008

வராந்தாவில் இலட்சுமியும் நஸீறாவும் குசுகுசு. நான் போனதும் நின்றுவிட்டது. "என்ன கதை?" "ஒண்டுமில்ல, கழிப்பறை எங்க எண்டு கேட்டன்." கழிப்பறை அவளுக்கு நேர் முன்னால்.

27.07.2008

கட்டி பரவிவிட்டது, என்னிடம் மறைக்கிறார்கள். வேறு என்ன?

29.07.2008, ஆஸ்பத்திரி வாட்டில்

பகல் ஒரு மணியிருக்கும், பக்கத்துக் கட்டிலுக்கு மேலே காற்றாடி திருத்த ஒருத்தன் வந்தான். இரண்டு வயரைத் தொட்டுப் பார்த்தான், படீர் என்று பொறி பறந்தது. எனக்குச் சட்டை முழுக்க வியர்த்துவிட்டது. நேர்ஸ் ஓடிவந்து நாடி பிடித்துப் பார்த்தாள்.

எழுதித்தான் பார்ப்போம். எழுதினால் பாரம் இறங்கும் என்று யாரோ சொன்னார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு. என்னைப் பிடித்துக்கொண்டுபோய் வைத்த முகாமின் பெயரை இங்கேயும் எழுதமாட்டேன், இந்தக் கொப்பி யார் கைக்குப் போகும் என்று தெரியாது. வாய்க்காலில் யாரோ எதையோ புதைத்துவைத்தார்களாம், வாய்க்காலுக்கு விதானை பொறுப்பாம். மேசையில் கிடத்தித் தொடை இரண்டிலும் வயர் சுற்றினார்கள். கரண்ட். நிப்பாட்டச் சொல்லிக் கத்தினேன். கத்தக் கத்தக் கூட்டினார்கள். பேசாமல் கிடந்து பார்த்தேன், அதற்கும் கூட்டினார்கள். பத்தொன்பது நாள்.

இலட்சுமிக்கு மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து அவள் அந்தச் சொல்லை வீட்டில் எடுப்பதில்லை. ஊரெல்லாம் "கரண்ட் வந்திட்டு" என்றால் அவள் "லைற் வந்திட்டு" என்பாள்.

நாளைக்குக் காலையில் சூடு.

01.08.2008

இரண்டு நாளாக எழுதக் கை வரவில்லை.

மேசையில் கிடத்தினார்கள். அரை மயக்கத்துக்கு மருந்து ஏற்றினார்கள், விலாவில் விறைப்பு ஊசி. ஸ்கான் பெட்டி என் பக்கம் திரும்பி இருந்தது, எல்லாம் தெரிந்தது. சாம்பல் நிறத்துக்குள் கறுப்பாக ஒரு உருண்டை. அதற்குள் வெள்ளைக் கோடாக ஊசி இறங்கியது. நேர் நடுவில். கைகாரன்தான் டொக்டர், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகு நேர்ஸ் இடுப்புச் சாரத்தை விலக்கித் தொடை இரண்டிலும் அகலமான பட்டை ஒட்டினாள். பட்டையிலிருந்து வயர். வயர் மெசினுக்குப் போகிறது.

"இது என்னத்துக்கு?" என்றேன்.

நஸீறா என் முகத்தைப் பார்க்கவில்லை. "சூடு சரியாப் போறத்துக்கு விதானையார்."

ஊங் என்று சத்தம் தொடங்கியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பெட்டியில் கறுப்பு உருண்டைக்குள்ளிருந்து வெள்ளைப் புகை கிளம்பிப் பரவியது. நோவா? தெரியாது. நொந்ததா இல்லையா எண்டு பாக்க ஆருக்கு நேரம்? கரண்ட்! தொடையில வயரக் கட்டிக் கரண்ட்! "நிப்பாட்டு! ஐயோ, நிப்பாட்டுங்கடா!" எண்டு கத்தினன். எழும்பப் பாத்தன், ஆரோ தோளப் புடிச்சாங்க. பிறகு ஒண்டும் தெரியா.

முழித்தபோது வாட்டில். இலட்சுமி பக்கத்தில்.

"கரண்டா?" எண்டு கேட்டன்.

தலையக் குனிஞ்சாள். தெரியும்! அவளுக்கு முதலே தெரியும்! கழிப்பறை கேட்டாளாம், கழிப்பறை! பதினெட்டு வருசம் அந்தச் சொல்ல வாயில எடுக்காதவள், கையப் புடிச்சுக் கூட்டிவந்து அதே மேசையில கிடத்திப்போட்டாள்.

நான் கத்தியது அவர்கள் காதில் விழவில்லை என்றா சொல்லப் போகிறார்கள்? விழும். எல்லாருக்கும் விழும். விழுந்தாலும் செய்வார்கள்.

பின்னேரம் டொக்டர் வந்து ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். "இதப் பத்தி ஒரு சொல்லு எனக்கு முன்னால எடுக்கப்படாது" என்று இலட்சுமியிடம் சொல்லிவிட்டேன். இரண்டு தரம் வாயெடுத்தாள். இரண்டு தரமும் ஏசினேன்.

04.08.2008, உன்னிச்சை

வரும் வழியில் சோதனைச்சாவடி. பஸ்ஸால் எல்லாரையும் இறக்கி, பொதியோடு வெயிலில் நடக்கவிட்டார்கள். உறைக்குள் இருந்த ஈரல் படத்தை ஒரு ஆமிப் பொடியன் எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். புரட்டிப் பார்த்தான். தலைகீழாகவும் பார்த்தான்.

"மேக்க மெப் எக்கத்?" இது வரைபடமா என்று கேட்கிறான்.

சட்டையைத் தூக்கி விலாவில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைக் காட்டினேன். பிளாஸ்டரையும் கிளப்பிப் பார்த்துத்தான் விட்டான். உலகத்தில் என்னைப்போல் இன்னொருத்தன் இருக்கிறான்.

09.08.2008

மனிசியோடு பேச்சில்லை. சோறு மூடி வைத்திருக்கும், தின்கிறேன்.

17.08.2008

வட்டையில் நெல் வெட்டுத் தொடங்கிவிட்டது. எனக்கு வரம்பில் நிற்க ஏலவில்லை, களைப்பு. வயல் குடிலில், வாடியில் குந்தியிருந்தேன். இலட்சுமி தேத்தண்ணியோடு வந்தாள். வந்தவள் போகாமல் நின்றாள்.

"மூண்டாந்திகதி கொழும்புக்குப் போகணும். படம் எடுக்க."

"போகமாட்டன்."

"நான்தான் அந்தப் புள்ளையச் சொல்ல வேணாமெண்டு கேட்ட. அவள் மாட்டனெண்டுதான் நிண்டவள், நான் காலப் புடிக்காத குறை. கரண்ட் எண்டு சொல்லியிருந்தா நீங்க பஸ்ஸில ஏறியிருப்பயளா?"

"மாட்டன்."

"செத்திருப்பயள்."

"போறது என்ட உசிர்தானே. போனாப் போகட்டும்."

"உங்களுக்குப் போகட்டும்" என்றாள். "எனக்கு?"

தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். முப்பத்தாறு வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை அவள் கேட்டதில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது. அதையும் குடித்தேன்.

21.08.2008

போவதென்று முடிவு. உள்ளே என்ன செய்துவைத்திருக்கிறார்கள் என்று படத்தில் பார்த்துவிடத்தான். வேறு ஒன்றுக்கும் இல்லை.

03.09.2008, கொழும்பு

கையில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். உடம்பு முழுக்கச் சுடுதண்ணி ஊற்றினதுபோல் ஒரு சூடு ஓடியது. எழும்பிவிடுவேன் என்று பயந்தோ என்னவோ, நஸீறா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தாள், "இது மருந்துட சூடு விதானையார், வேற ஒண்டுமில்ல, இப்ப போயிரும்."

வெளிச்சப் பெட்டியில் படம். கட்டி இருந்த இடத்தில் பெரிய கறுப்பு. கறுப்பின் ஒரு ஓரத்தில், வெளிப்பக்கமாக, வெட்டி எறிந்த நகம்போல் வளைந்த வெள்ளை.

"கறுப்பு, செத்த இடம்" என்றாள் நஸீறா. "ஏத்தின மருந்த அது குடிக்கல்ல. வெள்ளை குடிச்சிரிக்கி. உசிரோட இரிக்கி எண்டு அர்த்தம்."

விளங்கியது. தண்ணீர் பாய்ச்சினால் வேர் உள்ள பயிர்தானே குடிக்கும். விளங்கியதுதான் வினையாய்ப் போனது. அப்படியென்றால் பாதி வேலைதான் பார்த்திருக்கிறார்கள்.

"ஏன் முழுக்க எரிக்கல்ல?" என்று கேட்டேன். டொக்டர் பேச வாயெடுக்க, எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "எனக்கு உங்கட கதை ஒண்டும் தேவல்ல!" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். இலட்சுமி பின்னால் ஓடிவந்தாள்.

04.09.2008, லொட்ஜ்

கண்டுபிடித்துவிட்டேன்.

கிளினிக் கொப்பிக்குள் சூடு வைத்த அன்றைய ஸ்கான் படத் துண்டுகள் மூன்று குத்தியிருந்தன. வழுவழுப்பான தாள், ஒரு மாதமாக நான் திறந்தே பார்க்கவில்லை. இங்கிலீசு தெரியாவிட்டால் என்ன, இலக்கம் தெரியாதா? ஒவ்வொன்றின் மூலையிலும் நேரம் இருக்கிறது. முதல் படத்தில் ஊசி, புகை இல்லை: 10.41. இரண்டாவதில் கொஞ்சம் புகை: 10.43. மூன்றாவதில் புகை முக்கால்வாசி: 10.46. அதற்குப் பிறகு படம் இல்லை.

பன்னிரண்டு நிமிடம் என்று சொன்னது நஸீறாவின் வாய். அன்றைக்கே எழுதிவைத்தேன், பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், இருக்கிறது. ஓடினது ஐந்து நிமிடம். ஏழு நிமிடம் களவு!

மடையை முந்திப் பூட்டினது ஆர்? எங்கள் ஊரில் மடையை முந்திப் பூட்டினால், ஒன்றில் தண்ணீரைத் தன் பக்கம் எடுக்க, அல்லது பயிரைச் சாகவிட. இங்கே தண்ணீரை எடுத்து என்ன செய்யப்போகிறாள்? அசனார் மறக்கமாட்டேன் என்றுதானே போனான். மகள் மறக்காமல் வைத்திருந்து செய்துவிட்டாள்.

இலட்சுமியிடம் சொன்னேன். "உங்களுக்குப் பைத்தியம்" என்றாள். பிறகு ஏதோ சொல்ல வந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளையிட்டயே போய்க் கேளுங்க" என்றாள். கேட்கத்தான் போகிறேன்.

05.09.2008

கேட்டேன்.

படம் எடுக்கிற அறை வாசலில் மறித்தேன். துண்டு மூன்றையும் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஏழு நிமிஷம் எங்க?"

வாங்கிப் பார்த்தாள். நேரத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான் விடவில்லை.

"உன்ட வாப்பாட மடையப் பூட்டினன். ஓம், பூட்டினன்தான். அதுக்கு இதா?"

"அல்லாஹ்வே!" என்றாள். "வாப்பா இண்டைக்கும் உங்கள ஏசுவார்தான். அதுக்கும் இதுக்கும் என்ன? உங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லையா?"

"என்னத்த?"

"நீங்கதான் நிப்பாட்டச் சொன்னீங்க விதானையார்."

எனக்கு விளங்கவில்லை.

"கத்தினீங்க. டொக்டருக்குத் தமிழ் தெரியாதே, என்ன சொல்றார் எண்டு என்னக் கேட்டார். 'நவத்தன்ன' எண்டன். நிப்பாட்டட்டாம் எண்டு. உடன நிப்பாட்டிட்டார். பொறகு ஊசியையும் எடுத்துட்டார். இன்னும் ஏழு நிமிஷம் போனாத்தான் ஓரம் எரியும் எண்டு அவருக்குத் தெரியும், தெரிஞ்சிதான் நிப்பாட்டின. நோயாளி வேணாமெண்டா வேணாம்தான் எண்டார்."

"கூட்டல்லையா?" என்று கேட்டேன்.

"என்னத்தக் கூட்டுற?"

"நான் கத்தினாப் பொறகு. கூட்டல்லையா?"

"கத்தினா ஏன் விதானையார் கூட்டுற?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. கண்ணாடிக்குள்ளால் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்தாறு வயதிருக்கும். அவளுக்கு நான் என்னத்தைச் சொல்லுகிறது? துண்டுகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

06.09.2008

பத்தொன்பது நாள் கத்தினன். ஒருத்தன் நிப்பாட்டல்ல. நிப்பாட்டு எண்டு தமிழிலயும் கத்தினன், எனக்குத் தெரிஞ்ச அரைகுறைச் சிங்களத்திலயும் கத்தினன். நிப்பாட்டுங்க ஐயா எண்டு: நவத்தன்ன, மாத்தயா, நவத்தன்ன. அதே சொல்லுதான்.

இங்கே ஒரு தரம் கத்தினேன்.

இலட்சுமியைக் கேட்டேன். அன்றைக்குக் கதவுக்கு வெளியேதான் நின்றாளாம். "நீங்க கத்தினது கேட்டிச்சு. உடன மெசின்ட சத்தமும் நிண்டிட்டு. உங்கட உசிர்தான் போயிட்டெண்டு நான் நிலத்தில குந்திட்டன்" என்றாள். இத்தனை நாளும் அதைச் சொல்ல நான் விட்டேனா? அவள் சொல்ல வந்தபோதெல்லாம் ஏசினேன். இன்றைக்கு அவள் அழ அழ நானும் அழுதேன். கிழட்டு வயதில், லொட்ஜ் கட்டிலில் இருந்துகொண்டு, மெல்லிய பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற வெட்கமும் இல்லாமல்.

07.09.2008

ஆனாலும் — அவர்கள் சொல்லுகிறதுதானே? நான் மயக்கத்தில். இலட்சுமி கதவுக்கு வெளியே. எனக்காகத்தான் நிப்பாட்டினார்கள் என்று எப்படித் தெரியும்? மெசின் பழுதாகி நின்றிருக்கலாம். லைற் போயிருக்கலாம். நல்லவர்களாக இருந்தால் நல்லதுதான். இருந்தாலும் நான் பார்க்கவில்லையே.

08.09.2008

டொக்டரிடம் போய் இருந்தேன். நஸீறாவிடம் சொன்னேன், "நான் சொல்றத குறைக்காமச் சொல்லு."

திரும்பவும் செய்கிறது என்றால் செய்யட்டும். ஆனால் சூடு கீடு என்று கதை வேண்டாம், கரண்ட் என்றே சொல்லவேண்டும். போடும்போது போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போடவேண்டும். மயக்க மருந்தைக் குறைக்கவேண்டும், எனக்கு அறிவு இருக்கவேண்டும். நான் கை காட்டினால் நிப்பாட்டவேண்டும்.

அவள் சொல்லச் சொல்ல டொக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். எதற்கு இவ்வளவும் என்று கேட்பார், மறுமொழி சொல்லமாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. என் தொடையை ஒருக்காப் பார்த்தார். தழும்பு சாரத்துக்குள்ளேதான் இருக்கிறது, பட்டை ஒட்டின அன்றைக்குக் கண்டிருப்பாராக்கும்.

"மருந்து குறைஞ்சா நோகும், ஆனா அசையப்படாது எண்டு சொல்றார். ஊசி ஈரலுக்குள்ள இரிக்கி. இடது கைய மட்டும் தூக்கட்டாம்."

சரி என்றேன்.

10.09.2008

நாளைக்கு. இடது கை.

18.10.2008, கொழும்பு

நேற்றுப் படம் எடுத்தார்கள், இன்றைக்குக் காட்டினார்கள். வெள்ளை இல்லை. முழுக்கக் கறுப்பு, முந்தினதைவிடப் பெரிய கறுப்பு. "இது பெருத்தல்லவா போயிருக்கு" என்றேன். கட்டியையும் தாண்டிச் சுற்றிவர ஒரு விரல் அகலம் எரிக்கவேண்டும், அதுதான் பெரிது என்றாள் நஸீறா. விரலை வைத்து அளந்து பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. மூன்று மாதத்தில் திரும்ப வரட்டாம். முழுக்கச் செத்துவிட்டதென்றால் பிறகு எதற்கு மூன்று மாதம்? கேட்டேன். "டொக்டருக்கும் சந்தேகப்பட உரிமை இரிக்கிதானே" என்றாள். கெட்டிக்காரி.

இலட்சுமி கீழே கடையில் நிற்கிறாள், பேரப்பிள்ளைகளுக்குச் சட்டை வாங்க. இன்றைக்குத்தான் அவள் விலை பேசிச் சாமான் வாங்குகிற குரல் திரும்பி வந்திருக்கிறது.

போன மாதம் பதினோராந்திகதி நடந்ததை நான் இதில் எழுதவில்லை. படம் வரட்டும் என்று இருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

பட்டை ஒட்டினார்கள். ஊசி இறங்கினது. "விதானையார், இப்ப கரண்ட் போடப் போறார்" என்றாள் நஸீறா, முகத்தை நேரே பார்த்து. ஊங் என்றது. புகை கிளம்பினது. பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். விலாவுக்குள் எரிவு இருந்ததுதான். தாங்கலாம். தாங்கமுடியாத நோ ஒன்றும் இல்லை.

இரண்டு நிமிடம் போயிருக்கும். இடது கையைத் தூக்கினேன்.

சத்தம் நின்றது. நான் கையை முழுக்கத் தூக்கி முடிக்கவும் இல்லை, நின்றுவிட்டது. டொக்டரின் கை ஊசியில் அப்படியே அசையாமல் இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நோகுதா விதானையார்?"

"இல்ல."

"அப்ப என்ன?"

"சும்மா" என்றேன். "நிக்குதோ எண்டு பாத்தன்."

நஸீறா அதை டொக்டரிடம் சொன்னாள். அவர் முகமூடிக்கு மேலால் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"எத்தின தரம் வேணுமெண்டாலும் பாக்கட்டாம்" என்றாள்.

இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தேவைப்படவில்லை. கையைக் கீழே போட்டுவிட்டு, "போடுங்க" என்றேன்.